தராசுத் தட்டிலிருந்து கணினித் திரைக்கு: ஒரு கம்பியின் வரலாறு



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பெரியோர் வாக்கு. அளப்பது என்றதும் தோட்டத்து மக்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தராசுதான். ரப்பர் காலத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் அது தொங்கியது. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, வாளிகளில் பாலைச் சுமந்து வந்து, அதன் முன்னே வரிசை பிடித்து நின்றார்கள். தராசு முள் ஓர் எண்ணைக் காட்டும். பாலின் கெட்டியைப் பார்க்க ஒரு மிதவைக் கருவி உண்டு. அது இன்னோர் எண்ணைக் காட்டும். கிராணி இரண்டையும் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அந்தப் புத்தகம் ஆபீசுக்குப் போகும். அங்கே வேறொரு பேரேட்டில் ஏறும். மாதக் கடைசியில் அந்த எண்தான் கூலியாகத் திரும்பி வரும்.

முள் ஒன்று காட்ட, பேனா வேறொன்று எழுதிவிட்டால்? 48 என்பது 43 ஆகிவிட்டால்? கிராணி நல்லவராகவே இருக்கட்டும். மழையில் நனைந்த தாளும், அவசரமும், தூக்கக் கலக்கமும் போதாதா பிழை நேர? எண் பிறக்கும் இடம் ஒன்று, எண் பதியும் இடம் வேறொன்று. நடுவிலே எத்தனை கை மாறுகிறதோ, பிழை நுழைய அத்தனை வாசல்! உழைக்கிறவனுக்கு இது சின்ன விஷயமா? அவன் அடுப்பெரிவதே அந்த எண்ணை நம்பித்தானே!

இந்த இடைவெளியைக் குறைக்க மனிதன் எடுத்த முயற்சிகளின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அதன் கடைசிக் கட்டத்தில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. உள்ளங்கை அகலந்தான் இருக்கும். தொழிற்சாலையில் ஓடும் பழைய இயந்திரத்தைக் கணினி வலையோடு இணைப்பது அதன் வேலை. ஆனால் கதை அந்தப் பெட்டியில் தொடங்கவில்லை. நம் ஜொகூர்க் காட்டிலே தொடங்குகிறது!

ஜொகூர்க் காட்டுப் பிசின்

தந்தி என்ற அதிசயம் 19ஆம் நூற்றாண்டில் பிறந்தது. மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, கம்பி வழியே செய்தி சொல்லும் முறை அது. நிலத்தில் கம்பத்தின் மேல் கம்பி கட்டிவிடலாம். கடலை எப்படிக் கடப்பது? தண்ணீரில் வெறுங்கம்பியைப் போட்டால் மின்சாரம் கசிந்துவிடுமே!

அதற்கு விடை தந்தது மலாய்க் காடு. தாபான் என்று மலாய்க்காரர் அழைத்த மரத்தின் பிசின் வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், மின்சாரத்தைக் கசிய விடாது. கட்டா பெர்ச்சா என்பது அதன் வணிகப் பெயர். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி 1843இல் இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அதன்பின் உலகமே இந்தப் பிசினைத் தேடி ஓடி வந்தது. அப்போது ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் இந்த வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்து பெரும் பொருள் ஈட்டினார். 1855இல் தஞ்சோங் புத்ரியில் புதிய ஊர் கண்டவரும் அவரே. அந்த ஊர்தான் 1866இல் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றது.

1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் கம்பி போட்டபோது அதற்குச் சட்டை போட்டது இந்தப் பிசின். 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி வந்தது. கப்பல் ஏறி வந்த நம் மக்களின் கடிதங்கள் பல நாள் கடலில் மிதந்துகொண்டிருந்த காலத்தில், வணிகரின் விலை விவரங்கள் சில மணி நேரத்தில் கடலைக் கடந்தன. வருத்தம் என்னவென்றால், பிசினுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். தாபான் மரங்கள் காட்டிலே அரிதாகிப் போயின. உலகத்துக்குக் கம்பி கிடைத்தது. காட்டுக்கு இழப்பு கிடைத்தது. இதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

வரிசையில் வரும் பிள்ளைகள்

ஒரே கம்பியில் எப்படி ஓர் எழுத்தை அனுப்புவது? நம் பள்ளியில் மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்புக்குள் எப்படிப் போகிறார்கள்? வாசல் ஒன்றுதான். ஆகவே ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். தந்தியும் அப்படித்தான். துண்டு துண்டான மின் அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இதையே ஆங்கிலத்தில் 'சீரியல்' முறை என்கிறார்கள். வரிசைமுறை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பிரான்சு நாட்டு எமில் போதோ என்பவர் 1874இல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து அடையாளங்கள் என்று ஒரே அளவாக வகுத்தார். மோர்ஸ் முறையில் ஓர் எழுத்து குட்டை, இன்னொன்று நெட்டை. போதோ முறையில் எல்லாம் சம அளவு. அதனால் இயந்திரமே எழுத்தைப் படிக்க வழி பிறந்தது. அதிலிருந்து டெலிபிரிண்டர் வளர்ந்தது. 1963இல் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறை வந்தது.

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போமா? ஆஸ்கி முறையில் '7' என்ற இலக்கத்துக்குக் குறியீடு 55. அதை இரண்டடிமான எண்ணாக எழுதினால் 00110111. இந்த எட்டும் கம்பியில் போகும்போது வலக்கோடி இலக்கம் முதலில் புறப்படும். முன்னால் 'இதோ வருகிறேன்' என்று சொல்ல ஒரு 0. பின்னால் 'முடிந்தது' என்று சொல்ல ஒரு 1. ஆக மொத்தம் பத்து அடையாளங்கள். நொடிக்கு 9,600 அடையாளம் என்ற வேகத்தில் ஒரு கம்பி பேசினால், நொடிக்கு 960 எழுத்துகள் போகும். ஒரு லாரியின் எடையைச் சொல்ல ஏறக்குறையப் பத்து எழுத்து போதும். நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம்! கிராணி பேனா மூடியைக் கழற்றுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

1960இல் அமெரிக்க மின்னியல் தொழிலதிபர் சங்கம் இந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு வகுத்து ஆர்.எஸ்.-232 என்று பெயரிட்டது. எந்தக் கம்பி சொல்லும், எந்தக் கம்பி கேட்கும், எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விதி உண்டு. குறை என்னவென்றால், அது ஏறத்தாழ 15 மீட்டர் தூரத்துக்கே ஏற்றது. அடுத்த அறைக்குப் பேசலாம். அடுத்த கட்டடத்துக்குப் பேச முடியாது.

ஆலைக்குள் வந்த பேச்சு

நம் மண்ணில் என்ன நடந்தது? 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது. 1960களுக்குப் பிறகு ஜொகூரில் ரப்பர் மரங்கள் சாய, செம்பனை எழுந்தது. பால் கொட்டகை போய் எண்ணெய் ஆலை வந்தது. சிறு தராசு போய் லாரியையே ஏற்றி நிறுக்கும் எடைமேடை வந்தது. பழக்குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறும். பாரத்தோடு ஒரு எடை. இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் லாரி எடை. இரண்டையும் கழித்தால் பழத்தின் எடை. இது நம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்த கழித்தல் கணக்குத்தான். ஆனால் தோட்டத்தின் வருமானம், குத்தகைக்காரரின் பணம், சிறு விவசாயியின் பிழைப்பு எல்லாம் அந்தக் கழித்தலில்தான் அடங்கியிருக்கிறது!

எடைமேடையின் எண்காட்டிக் கருவிக்குப் பின்புறம் பார்த்தால் ஒன்பது ஊசி கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். அதுதான் ஆர்.எஸ்.-232. அதில் அச்சு இயந்திரத்தை மாட்டினால் எடைச் சீட்டு வெளியே வரும். முள் காட்டியதைப் பேனா மாற்றி எழுதும் ஆபத்து அந்த ஓரிடத்தில் ஒழிந்தது.

ஆலையின் மற்ற இயந்திரங்களும் பேசக் கற்றுக்கொண்டன. அமெரிக்காவில் டிக் மோர்லியும் அவர் கூட்டாளிகளும் 1960களின் கடைசியில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி ஒன்றை உருவாக்கினார்கள். பி.எல்.சி. என்று ஆலைகளில் நம்ம ஆளுங்க சொல்வது அதைத்தான். அவர்களது மோடிகான் நிறுவனம் 1979இல் மோட்பஸ் என்ற பேச்சு முறையை வெளியிட்டது. இது ஆசிரியர் மாணவர் கேள்வி பதில் போன்றது. தலைமைக் கருவி பெயர் சொல்லிக் கேட்கும். கேட்கப்பட்ட கருவி மட்டும் பதில் சொல்லும். மற்றவை வாய் திறக்கக் கூடாது. 1983இல் வந்த ஆர்.எஸ்.-485 என்ற ஒழுங்கோ ஒரே கம்பிச் சோடியில் 32 கருவிகளைக் கோத்து, ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை பேச வைத்தது. கொதிகலனின் அழுத்தம், குலை அவிக்கும் கலத்தின் வெப்பம், எண்ணெய்த் தொட்டியின் மட்டம் எல்லாம் கம்பி ஏறி வந்தன.

கணினிகள் வேறு மொழி பேசின

இதே காலத்தில் கணினி உலகம் வேறு திசையில் நடந்தது. 1973இல் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஈதர்நெட் என்ற கருத்தை எழுதி வைத்தார். டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். 1983இல் அது பொது ஒழுங்காக ஏற்கப்பட்டது.

வரிசைமுறைக்கும் ஈதர்நெட்டுக்கும் என்ன வேறுபாடு? வரிசைமுறை என்பது இரண்டு பேர் நேருக்கு நேர் பேசுவது. ஈதர்நெட் என்பது அஞ்சல் அலுவலகம். செய்தியை உறையிலிட்டு, பெறுநர் முகவரியும் அனுப்புநர் முகவரியும் எழுதிப் போட்டுவிட வேண்டும். ஒரே வலையில் நூற்றுக்கணக்கான கணினிகள் இருந்தாலும் உரிய உறை உரியவரிடம் போய்ச் சேரும்.

1996இல் யூ.எஸ்.பி. வந்தது. அதன்பின் வந்த கணினிகளில் அந்த ஒன்பது ஊசிச் செருகுவாய் மெல்ல மெல்ல மறைந்தது. இங்கேதான் சிக்கல்! ஆபீஸ் கணினியை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். ஆலை இயந்திரத்தை அப்படி மாற்ற முடியுமா? அது இருபது, முப்பது ஆண்டு உழைக்க வேண்டிய உருப்படி. இயந்திரத்துக்கு வாய் இருக்கிறது. கணினிக்குக் காது போய்விட்டது!

நடுவே நின்ற துபாஷி

நம் தோட்டச் சரித்திரத்தில் இப்படி ஒரு நிலை முன்பே இருந்தது அல்லவா? துரை ஆங்கிலம் பேசினார். தொழிலாளி தமிழ் பேசினார். தமிழ் கற்ற துரைமார் சிலர் இருந்தாலும், பெரும்பாலும் நடுவே இரண்டு மொழியும் தெரிந்த கிராணி நின்றார். அவரில்லாமல் வேலை ஓடாது.

ஆலையில் அந்த வேலையைச் செய்வதுதான் நாம் முன்னே சொன்ன சின்னப் பெட்டி. இதன் முன்னோடிகள் 1980களிலேயே இருந்தன. வரிசைமுறையில் பேசும் பல விசைப்பலகைத் திரைகளை ஒரே ஈதர்நெட்டில் சேர்க்க, டெர்மினல் சர்வர் என்ற கருவிகளை டிஜிட்டல் எக்விப்மெண்ட் போன்ற நிறுவனங்கள் செய்து விற்றன. அதே யுக்தி பின்னர் சிறுத்து ஆலைக்கு வந்தது.

பெட்டியின் ஒரு பக்கம் பழைய வரிசைமுறைச் செருகுவாய். மறுபக்கம் ஈதர்நெட் செருகுவாய். எடைமேடை அனுப்பும் எழுத்துகளைப் பெட்டி ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து வைக்கிறது. பிறகு ஓர் உறையிலிட்டு, முகவரி எழுதி, வலையில் விடுகிறது. ஜொகூர் பாரு அலுவலகத்துக் கணினியில் ஒரு மென்பொருள் அந்த உறையைப் பிரித்து, 'உன் முதுகிலேயே எடைமேடை மாட்டியிருக்கிறது' என்று கணினியை நம்ப வைக்கிறது. பழைய கருவிக்கும் எந்த மாற்றமும் வேண்டியதில்லை. அது தன் அச்சு இயந்திரத்தோடு பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்!

இதைப் பொருத்துகிறவர் இரண்டு பக்கத்து வழக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். இயந்திரத்தின் பக்கம் பேச்சு வேகம், எழுத்துக்கு எத்தனை அடையாளம், பிழை சோதிக்கும் அடையாளம் உண்டா இல்லையா என்பவை ஒத்துப்போக வேண்டும். வேகம் ஒன்று மாறினாலும் எடைக்குப் பதில் கிறுக்கல்தான் வரும். வலையின் பக்கம் முகவரி சரியாக இருக்க வேண்டும். ஒரே முகவரியை இரண்டு கருவிக்குக் கொடுத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நம் ஊர் இடியும் ஒரு பகைதான். நீண்ட செப்புக் கம்பியில் மின்னலின் அதிர்ச்சி ஏறினால் கருவிகள் கருகிவிடும். ஆகவே பெட்டியை இயந்திரத்தின் அருகிலேயே வைத்து, நெடுந்தூரத்துக்கு ஒளியிழைக் கம்பி போடுவது புத்திசாலித்தனம். ஒளியிழையில் மின்னல் ஓடாது.

உக்ரைனில் இருண்ட மாலை

துபாஷி நல்லவனாக இருந்தால் ஊருக்கு நன்மை. அவனை எதிரி மடக்கிவிட்டால்?

2015 டிசம்பர் 23ஆம் நாள். உக்ரைன் நாட்டில் குளிர்காலம். மின்சாரம் வழங்கும் மூன்று நிறுவனங்களின் கணினிகளுக்குள் பகைவர்கள் மின்னஞ்சல் வழியாக மாதக் கணக்கில் முன்பே புகுந்திருந்தார்கள். அன்று தொலைவிலிருந்தே மின்நிலையங்களின் இணைப்புகளைத் துண்டித்தார்கள். ஏறக்குறைய 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. அதோடு விடவில்லை. மின்நிலையங்களில் இருந்த இதே துபாஷிப் பெட்டிகளின் உள்மென்பொருளை அழித்து, அவற்றைச் செங்கல் கட்டிகளாக்கிவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து எந்தக் கட்டளையும் இயந்திரத்தைப் போய்ச் சேரவில்லை. வாய் இருந்தது, காதும் இருந்தது, நடுவே நின்றவன் ஊமையாகிவிட்டான்!

பிறகு விளக்கு எப்படி எரிந்தது தெரியுமா? தொழிலாளர்கள் வண்டியேறி மின்நிலையங்களுக்குப் போனார்கள். கையால் விசையைத் தூக்கி இணைத்தார்கள். சில மணி நேரத்தில் ஒளி திரும்பியது. கைவேலை தெரிந்த மனிதன் இருந்ததால் ஊர் பிழைத்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. மோட்பஸ் பிறந்த 1979இல் கம்பி ஆலைச் சுவருக்குள் அடங்கியிருந்தது. கேட்பவன் யார் என்று விசாரிக்கும் தேவை எழவில்லை. ஆகவே அதில் கடவுச்சொல்லும் வைக்கவில்லை. அப்படிப்பட்ட வெள்ளந்தி இயந்திரத்தை உலக வலையில் கொண்டுபோய் நிறுத்தினால், வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குவது போலத்தான். பெட்டியோடு வரும் பொதுக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். ஆலை வலையையும் ஆபீஸ் வலையையும் தனித்தனியே பிரித்துவைக்க வேண்டும். கையால் இயக்கும் பழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

'ஆலைச் சங்கதியெல்லாம் பள்ளி மலரில் எதுக்குங்க வாத்தியாரே?' என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

தோட்டங்கள் சுருங்கின. நம் குடும்பங்கள் மாசாய், ஸ்கூடாய், செனாய், பாசிர் கூடாங் என்று குடிபெயர்ந்தன. பாசிர் கூடாங்கில் 1977இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதைச் சுற்றி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் மற்றத் தொழிற்சாலைகளும் பெருகின. 2018 அக்டோபரில் நம் அரசாங்கம் இண்டஸ்ட்ரி ஃபார்வர்ட் என்ற தேசியக் கொள்கையை வெளியிட்டு, இயந்திரங்களைக் கணினி வலையோடு இணைக்கும்படி தொழிற்சாலைகளை ஊக்குவித்தது. கூலாயில் செம்பனை நின்ற தோட்ட நிலத்தில் இன்று பெருங்கணினி மையங்கள் எழுந்து நிற்கின்றன. பாட்டன் பழம் சுமந்த மண்ணில் இனி எண்கள் ஓடும். அந்த மண்ணில் பேரப்பிள்ளைக்குக் காவல் வேலையும் துப்புரவு வேலையும் மட்டுந்தானா? இதுதான் நம் முன்னே நிற்கும் கேள்வி.

புதிய கணினி மட்டும் தெரிந்தவர் நிறைய உண்டு. பழைய இயந்திரம் மட்டும் தெரிந்த மூத்த தொழிலாளரும் உண்டு. இரண்டையும் அறிந்து நடுவே நின்று பொருத்தத் தெரிந்தவர் குறைவு. அந்த இடம் காலியாக இருக்கிறது! நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் என்று மூன்று மொழிக்கு நடுவே வளர்கிறவர்கள். நடுவே நிற்பது அவர்களுக்குப் புதிதா என்ன?

அதற்கு வேண்டியவை கணிதமும் அறிவியலும், கையால் செய்து பார்க்கும் பழக்கமும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாட வேளையில் கம்பி இணைக்கும் பிள்ளையைப் பெற்றோர் 'இது பரீட்சைக்கு வருமா?' என்று தடுக்க வேண்டாம். பாசிர் கூடாங்கிலும் பத்து பகாட்டிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உண்டு. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளையை நேரே தொழிற்சாலை வாசலுக்கு அனுப்பாமல், முதலில் அங்கே விண்ணப்பம் வாங்கச் சொல்லுங்கள்.

ஆலையிலும் தோட்டத்திலும் உழைக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு சொல். எடைமேடை எண் இப்போது கண் மூடித் திறப்பதற்குள் தலைமை அலுவலகம் போய்விடுகிறது. நல்லதுதான். பேனா செய்த பிழை குறையும். ஆனால் கம்பி தான் வாங்கியதைத்தான் கொண்டு போகும். தராசே தவறாக நின்றால் அந்தத் தவறும் அதே வேகத்தில் ஓடும். ஆகவே தராசுக்கு முத்திரைச் சோதனை நடந்ததா என்று பாருங்கள். எடைச் சீட்டில் ஒரு படி கேட்டு வாங்குங்கள். எண் எவ்வளவு தூரம் ஓடினாலும் அது நம் வியர்வையின் எண்.

பரிசு வாங்க மேடையேறும் மாணவச் செல்வங்களே! வாங்கிய புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனதும், அப்பாவிடம் வேலை செய்யும் இடத்து இயந்திரம் எப்படிப் பேசுகிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்லட்டும். தெரியாததை நீங்கள் படித்து வந்து அவருக்குச் சொல்லுங்கள். வாழ்க, வளர்க!